புடவை கட்டிய கோல்கீப்பர்

பந்தைப் பெனால்டி புள்ளியில் வைத்துவிட்டு மில்காரர் இரண்டடி பின்னால் போனார். வேட்டியை மடித்துக் கட்டினார். காலில் புதுச் செருப்பு. கழற்றலாமா என்று குனிந்து பார்த்தவர், கழற்றாமலேயே நிமிர்ந்தார்.

நான் கோலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது எனக்கு இருபத்தோரு வயது. பல்கலைக்கழக அணிக்கு கோல்கீப்பர்.

மைக்கில் சேகர் அண்ணன் முழங்கினார். “இதோ, நமது சிறப்பு விருந்தினர், அரிசி ஆலை அதிபர் ஐயா அவர்கள் பந்தை உதைத்து இந்த மாபெரும் கால்பந்துத் திருவிழாவைத் தொடங்கி வைக்கிறார்கள்! கோலில் நிற்பது வேறு யாருமல்ல. நமது அன்னை ஸ்டெல்லா அம்மையாரின் அருமை மகள் ஜெனி!”

கைதட்டினார்கள். மைதானத்தின் ஓரத்தில் கோவிந்து அண்ணன் சரவெடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஊதுபத்தி. பந்து வலைக்குள் விழுந்த மறுவிநாடி திரியில் வைக்க வேண்டியது அவர் வேலை.

இது எங்கள் பக்கத்து வழக்கம். சிறப்பு விருந்தினர் உதைக்கும் முதல் பந்து வலைக்குள் போக வேண்டும். போனால்தான் வெடி. வெடித்தால்தான் போட்டி தொடங்கியதாகக் கணக்கு. கோலில் நிற்கும் பையன் பந்து வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் தாவி விழுந்து, ஐயோ போச்சே என்று முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். விருந்தினர் கையெடுத்துக் கும்பிடுவார். போட்டோ எடுப்பார்கள். எத்தனையோ வருடமாக எத்தனையோ வேட்டிகள் உதைத்திருக்கின்றன. ஒரு பந்துகூட வெளியே போனதாக வரலாறு கிடையாது.

எனக்கு நேர் எதிரே, மேடைக்குப் பின்னால், பன்னிரண்டு அடி உயரத்துக்கு என் அம்மா நின்றாள். ஃப்ளெக்ஸ் பேனரில். ஊதா நிறப் பட்டுப்புடவை. கழுத்தில் இரண்டு ஆரம், ஒரு அட்டிகை. தலையில் ஒரு முழம் மல்லிகை.

அந்தக் கழுத்துக்குக் கீழே இருந்த எதுவும் என் அம்மா இல்லை.

இதை எழுத வேண்டாம் என்றார் அப்பா

இந்தத் தொடரை ஆரம்பித்தபோதே அப்பா சொன்னார், “எல்லாத்தையும் எழுது, அந்தக் கோப்பை வெவகாரத்த மட்டும் விட்டுரு. ஊர்ல நாளைக்கும் மூஞ்சியில முழிக்கணும்ல.” சரி என்றுதான் சொன்னேன். நாலைந்து வாரம் ஓட்டியும் விட்டேன். ஆனால் போன வாரம் பள்ளிக்கூட மைதானத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘உங்கள் ஊர் உங்கள் தாயாருக்குச் செய்த மரியாதையைப் பற்றியும் எழுதுங்கள்’ என்று கடிதம் போட்டிருக்கிறார். நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறார். எனக்குப் படித்ததும் காது வரை சூடேறிவிட்டது.

மரியாதையாம். சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் திருவையாற்றிலிருந்து ஆற்றோரமாகவே போகும் டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம். அப்பா அந்தோணி, ரோட்டோரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். கேட், கிரில், சேற்றில் உழும் டிராக்டருக்குக் கேஜ் வீல் எல்லாம் அடித்துத் தருவார். பட்டறைக்கு நேர் எதிரே மைதானம். மூன்று பக்கமும் வயல்.

அம்மா அந்த ஊர்க்காரி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மாவட்ட அணிக்கு கோல்கீப்பர். மாநிலத் தேர்வு முகாம் வரைக்கும் போனவள். முகாமிலிருந்து வீட்டுக்கு வந்த மறுவாரம் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அதோடு சரி.

கல்யாணமாகி வந்த புதிதில் பட்டறை வாசலில் நின்று பையன்கள் விளையாடுவதை ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறாள். எட்டாவது நாள் முடியவில்லை. கோலில் நின்ற பையன் கண்ணை மூடிக்கொண்டு தாவியதைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய், “டேய், பந்து ஒன்ன கடிச்சுருமா? கண்ணத் தொறடா!” என்று கத்தியிருக்கிறாள். அந்தப் பையன்தான் சேகர் அண்ணன். அப்போது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்.

மறுநாளிலிருந்து அம்மா கோலில் நின்றாள். பழைய ட்ராக் பேண்ட், மேலே அப்பாவின் முழுக்கைச் சட்டை, கையில் பட்டறையின் தோல் கையுறை. அந்தக் கையுறையில் பந்து விழும் ‘தொப்’ என்ற சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரை கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் அம்மா வரப் போகிறாள், இனி சோறு கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

அவள் கையில் பழகிய பையன்கள் மூன்று பேர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசாங்க வேலைக்குப் போனார்கள். சேகர் அண்ணன் அதில் ஒருவர். சித்தி சித்தி என்று வீட்டையே சுற்றி வந்தவர். எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டியில் பாதியைக் காலி பண்ணியவர்.

எனக்கும் விடமாட்டாள்

எனக்கு ஐந்து வயதில் ஒருநாள், அம்மாவுக்கு எதிராக முதன்முதலாகப் பந்தை உதைத்தேன். பிடித்துவிட்டாள். மறுபடி உதைத்தேன். பிடித்தாள். பத்துத் தடவை. நான் தரையில் புரண்டு அழுதேன்.

வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “ஏ ஸ்டெல்லா, பச்சப்புள்ள அழுவுது, ஒண்ணு விட்டாத்தான் என்ன கொறஞ்சா போயிடுவ?” என்றார்.

அம்மா, “விட்டா அவளுக்கு ஒதைக்கவே தெரியாம போயிடும்க்கா” என்று சொல்லிவிட்டுப் பந்தை என் பக்கம் உருட்டினாள். “ம், அழுதுகிட்டே ஒதை.”

அவளுக்கு நான் முதல் கோல் அடித்தது பதினைந்து வயதில். அன்றைக்கு அவள் என்னைத் தூக்கிக்கொண்டாடவில்லை. தான் எங்கே கால் வைத்தது தப்பு என்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் மைதானத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. தை மாசத்தில் சம்பா அறுப்பு நடக்கும். கொள்முதலுக்குக் காத்திருக்கிற நெல்லை ஊர்க்காரர்கள் மைதானத்தின் கிழக்கு ஓரத்தில்தான் கொட்டிக் குவிப்பார்கள். பந்து நெல்லில் விழுந்தால் எடுக்கப் போகிறவன் பூட்ஸைக் கழற்ற வேண்டும். பைனலாக இருந்தாலும் கழற்ற வேண்டும். கழற்றி, எடுத்து, மறுபடி மாட்டி, லேஸ் கட்டி முடிக்கிற வரைக்கும் இரண்டு டீமும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்கும். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். பூட்ஸோடு நெல்லை மிதிக்கிற காலை நாங்கள் சும்மா விடமாட்டோம்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊருக்கு மரியாதை என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. நெல்லுக்குத் தெரிகிறது.

ஊதாப் புடவை

அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒன்றரை வருடம் அலைந்தோம். ஒரு ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த அத்தியாயம் அழுகையாகிவிடும். எனக்கு இன்றைக்குக் கோபம்தான் வேண்டும்.

அடுத்த பொங்கலுக்கு ஊரில் பேசி முடிவு செய்தார்கள். வருடா வருடம் நடக்கும் போட்டிக்கு இனி அம்மா பெயர். ‘ஸ்டெல்லா நினைவு சுழற்கோப்பை.’ கோப்பையை அப்பா தன் கையால் செய்து கொடுத்தார். சேகர் அண்ணன் கமிட்டிச் செயலாளர். வீட்டுக்கு வந்து, என் தலையில் கைவைத்து, “சித்தி பேரு இந்த மண்ணு இருக்கற வரைக்கும் இருக்கும் பாப்பா” என்றார். நானும் அழுதேன். பைத்தியக்காரி.

அப்போதே ஒன்று கேட்டேன். “அண்ணே, அம்மா பேர்ல நடக்குற போட்டியில பொண்ணுங்களுக்கு ஒரு மேட்ச் வேணும். ஒண்ணே ஒண்ணு. சீர்காழியில ஒரு டீம் இருக்கு, கூப்பிட்டா வருவாங்க. எங்க டீம் நான் பாத்துக்கிறேன்.”

“இதையெல்லாம் கேக்கணுமா? மொத மேட்ச்சே ஒங்களோடதுதான்” என்றார்.

போட்டியன்று காலையில் பேனர் கட்டினார்கள். நான் பல் தேய்த்துக்கொண்டே பட்டறை வாசலுக்கு வந்து பார்த்தேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன்.

அம்மா முகம். அது எந்தப் போட்டோ என்று எனக்குத் தெரியும். முகாமில் எடுத்தது. பச்சை ஜெர்ஸியில், கை இரண்டையும் விரித்து, நெற்றியில் வியர்வையோடு சிரித்துக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்தத் தலையை மட்டும் வெட்டி எடுத்து, யாரோ ஒரு ஜவுளி விளம்பரப் பெண்ணின் உடம்பில் ஒட்டிவைத்திருந்தார்கள். வியர்வையைத் துடைத்துவிட்டுப் பொட்டு வைத்திருந்தார்கள். கீழே ‘எங்கள் ஊரின் அன்னை, பட்டறை அந்தோணியின் துணைவியார்’ என்று எழுதியிருந்தது. கோல்கீப்பர் என்ற வார்த்தை எந்த மூலையிலும் இல்லை. ஒரு பந்துகூட இல்லை. ஓரத்தில் இரண்டு மயில் மட்டும் இருந்தது.

ஓடிப்போய் சேகர் அண்ணனைப் பிடித்தேன். “யாருண்ணே இது?”

“என்ன பாப்பா, சித்திதான்.”

“அம்மா என்னிக்கு இப்படி நின்னாங்க?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. தெய்வமாயிட்டாங்க. தெய்வத்துக்குப் போயி ட்ராக் பேண்ட் போட்டு பேனர் வெச்சா நாலு பேரு என்ன சொல்லுவான்? டிசைன ஒங்கப்பாகிட்ட காட்டிட்டுத்தான் அடிச்சோம்.”

அப்பாவிடம் போனேன். போனை எடுத்துக் காட்டினார். முந்தின வாரமே படம் வந்திருக்கிறது. அப்பா கீழே ஒரு கும்பிடு போட்டு அனுப்பியிருக்கிறார்.

“எப்படிப்பா சரின்னு சொன்ன?”

“பொடவையில பாக்க மனசுக்கு நல்லாருந்துச்சும்மா” என்றார். அவ்வளவுதான். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன்.

முதலில் புடவை கட்டச் சொன்னது யார்

நேர்மையாக எழுதுவதாக இருந்தால் இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான் எட்டாவது படிக்கும்போது ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். சைக்கிளில், ட்ராக் பேண்ட்டும் அப்பா சட்டையுமாக. மைதானத்திலிருந்து நேராக வந்திருந்தாள். பின்பெஞ்சுப் பையன் ஒருவன், “டேய், ஜெனியோட அம்மா ஆம்பளைடா” என்றான். வகுப்பே சிரித்தது.

அன்று சாயந்திரம் அவளிடம் சொன்னேன். “அடுத்த தடவ பொடவ கட்டிக்கிட்டு வா. இல்லேன்னா வராத.”

அடுத்த தடவை புடவையில் வந்தாள். சைக்கிள் ஓட்ட முடியாமல் பஸ்ஸில் வந்து, ஸ்டாப்பிலிருந்து சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்து வந்தாள். தோளில் பின் குத்தியிருந்ததோ என்னவோ, ஒரு பக்கமாகவே தோளைத் தூக்கிக்கொண்டு ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமில் நின்றாள். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. வீடு வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன்.

அந்தப் பேனரைப் பார்த்தபோது முதலில் யாரைச் செருப்பால் அடிக்கத் தோன்றியது என்று இப்போது உங்களுக்குப் புரியும். சேகர் அண்ணன் இரண்டாவது. அப்பா மூன்றாவது.

பன்னீர் தெளிக்க இரண்டு பெண்

சீர்காழிப் பெண்கள் விடியற்காலை பஸ் பிடித்து, மாயவரத்தில் மாறி, கும்பகோணத்தில் மாறி, பத்து மணிக்கு வந்து இறங்கினார்கள். ஒன்பது பேர். அவர்களின் கேப்டன் அபிநயா, ஒல்லியாக, என் தோள் உயரம்தான் இருப்பாள். பந்து காலுக்கு வந்துவிட்டால் யாராலும் பிடுங்க முடியாது. பட்டறையிலேயே ஜெர்ஸி மாற்றிக்கொண்டு தயாராகிவிட்டார்கள்.

சேகர் அண்ணன் வந்தார். அவர்களைப் பார்த்தார். அந்த அரைக்கால் டவுசர்களைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஜெனி, ஒரு சின்ன மாத்தம். பாய்ஸ் டீம் நெறைய வந்துருச்சு. டைம் இல்ல. லேடீஸ் மேட்ச்ச அடுத்த வருஷம் பிரமாதமா வெச்சுக்கலாம்.”

“அண்ணே, அவங்க அஞ்சு மணிக்கு பஸ் ஏறியிருக்காங்க.”

“அதுக்கென்ன, சாப்பாடு சொல்லிட்டேன், கறிச்சோறு. சாப்ட்டுட்டுப் போகட்டும்.” பிறகு கொஞ்சம் நெளிந்தார். “பெரியவங்கள்லாம் குடும்பத்தோட வந்து ஒக்காந்துருக்காங்க பாப்பா. நம்ம ஊரு பொம்பளைங்க எல்லாம் இருக்காங்க. இந்த ட்ரெஸ்ஸோட ஓடுனா அசிங்கமா பேசுவாங்க. சித்தி பேருக்குத்தான் கெட்ட பேரு.”

சித்தி பேருக்கு.

நான் பேனரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார் போல. முகம் மலர்ந்து, “ஒங்களையெல்லாம் சும்மா ஒக்கார வெக்கமாட்டேன்” என்றார். “மில்லு ஐயா வரும்போது பன்னீர் தெளிக்கவும் சந்தனத் தட்டு ஏந்தவும் ரெண்டு பொண்ணு வேணும். அந்த ஒல்லிப் பொண்ணு சிரிச்ச மொகமா இருக்கு, அது நிக்கட்டும். பாவாட தாவணி நான் ஏற்பாடு பண்றேன். அப்புறம் நீ கோல்ல நில்லு. ஐயா ஒதைப்பாரு. சித்தி பொண்ணு கோல்ல நின்னா போட்டோவுக்கு எவ்வளவு நல்லாருக்கும்! தெரியும்ல, சும்மா ஃபார்மாலிட்டி.”

“சரிண்ணே” என்றேன்.

இந்த இடத்தில் அவர் உஷாராகியிருக்க வேண்டும். அம்மாவிடம் அத்தனை வருடம் பழகியவர். ஸ்டெல்லாவின் மகளைக் கோலில் நிறுத்திவிட்டுப் பந்தை விடச் சொல்வது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று அந்த ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

அபிநயா தாவணியெல்லாம் கட்டவில்லை. ஜெர்ஸியோடேயே பன்னீர்ச் செம்பை வாங்கி, மில்காரர் மூஞ்சியில் ஒரு கை அள்ளித் தெளித்துவிட்டு வந்தாள். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே மேடையேறினார்.

நாலு பந்து

முதல் பந்து.

மில்காரர் செருப்போடு மெதுவாக உதைத்தார். உருண்டு வந்தது. குனிந்து எடுத்தேன்.

கூட்டம் சிரித்தது. மில்காரரும் நல்ல மனுஷன், அவரும் சிரித்தார். “பாப்பா சுறுசுறுப்பா இருக்கே!” பந்தை அவருக்கு உருட்டிவிட்டேன். கோவிந்து அண்ணன் திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோன ஊதுபத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது பந்து. கொஞ்சம் வேகம், எனக்கு வலது பக்கம். நான் தாவக்கூட இல்லை. ஓரடி நகர்ந்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

இப்போது சிரிப்புக் குறைந்தது. மைக்கில் சேகர் அண்ணன், “அருமை அருமை, தாயைப் போலவே... இப்போது ஐயா அவர்கள் மீண்டும்...” என்று இழுத்தார். மைக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்து வாயசைத்தார். விட்டுரு.

மூன்றாவதற்கு மில்காரர் நாலடி பின்னால் போய் ஓடி வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஓங்கி ஒரு உதை. பந்தோடு சேர்ந்து அவருடைய வலதுகால் செருப்பும் கிளம்பி வந்தது. நான் பந்தைப் பிடித்தேன். செருப்பு வலைக்குள் போய் விழுந்தது.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. கோவிந்து அண்ணனுக்குக் குழப்பம். செருப்புக்கு வெடி வைக்கலாமா கூடாதா என்று சேகர் அண்ணனையே பார்த்தார்.

சேகர் அண்ணன் மைக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். “என்ன பண்ற ஜெனி? மானம் போவுது!”

“மேட்ச் குடுங்க.”

“என்னது?”

“எங்களுக்கு மேட்ச் குடுங்க. குடுக்கறேன்னு சொன்னீங்கள்ல. அது வரைக்கும் எவ்வளவு நேரம் வேணாலும் ஒதைக்கச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல.”

“சித்தி பேர்ல நடக்குற விழா இது. அவங்க ஆத்மா என்ன பாடுபடும்?”

“அவங்க யாருக்காவது பந்த விட்டு பாத்துருக்கீங்களா நீங்க?” என்று கத்தினேன். “ஒங்களுக்கு விட்டாங்களா? நீங்க அழுதப்ப விட்டாங்களா?”

அவர் திரும்பி மேடையைப் பார்த்து, “சித்தப்பா! நீங்க வாங்க” என்று கூப்பிட்டார்.

அப்பா இறங்கி வந்தார். கழுத்தில் அவருக்குப் போட்ட சால்வை அப்படியே இருந்தது. சேகர் அண்ணன் பந்தை அவர் காலுக்கு முன்னால் வைத்து, “நீங்க ஒதைங்க சித்தப்பா. ஒங்களுக்கு விட்டுருவா. இதோட முடிச்சுருவோம்” என்றார்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அவர் வாழ்நாளில் பந்து விளையாடியவர் இல்லை. எங்கே காலை வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் கம்பத்தோரம் நின்ற எங்கள் டீம் சின்னப் பெண்கள்கூட, “அக்கா, அப்பாவுக்கு விட்டுருங்கக்கா” என்றார்கள்.

அப்பா உதைத்தார். பந்து பாதி தூரம் வருவதற்குள்ளேயே களைத்துப்போய்விட்டது. நான் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு மூன்று விநாடியில் எனக்கு விட்டுவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. மனைவியைப் பறிகொடுத்த மனுஷன், ஊருக்கு முன்னால் சால்வையோடு வெறுங்காலில் நிற்கிறார். ஆனால் அந்தப் புடவைக்குக் கும்பிடு போட்டதும் அதே மனுஷன்தான்.

பிடித்தேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்வையை இறக்கவில்லை. மெதுவாகப் பக்கத்தில் வந்தார். அறையப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“கல்யாணம் ஆன புதுசுல இதே எடத்துல ஒருநாள் ஒங்கம்மாவ ஏமாத்தி ஒரு கோல் போடலாம்னு பாத்தேன்” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். “புதுப் புருஷன்னுகூட பாக்கல.”

பிறகு கழுத்திலிருந்த சால்வையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சேகர் அண்ணனைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

“சேகரு. இந்த நாலு கம்பமும் நான் அடிச்சது. ஒங்க சித்தி அளவு சொல்ல, நான் அடிச்சேன். ஊருகிட்ட ஒத்தப் பைசா வாங்கல. பொண்ணுங்களுக்கு இப்ப மேட்ச் வெக்கிறியா, இல்ல நான் போயி கட்டர எடுத்துட்டு வந்து கம்பத்த அறுத்துக்கிட்டுப் போகவா?”

“சித்தப்பா...”

“கேஸ் சிலிண்டர் புல்லா இருக்கு.”

மில்காரர்தான் முதலில் பேசினார். ஒரு கால் செருப்போடு நின்றிருந்தார். “எலே சேகரு, அந்தப் புள்ளைங்கள ஆட விட்டுத் தொலைடா. எனக்குக் கும்மோணத்துல ஒரு கல்யாணம் இருக்கு.”

பாதிக்குப் பத்து நிமிடம்

ஆட்டத்தின் ஒவ்வொரு பாதிக்கும் பதினைந்து நிமிடம் என்று பேசியிருந்ததைப் பத்தாகக் குறைத்தார்கள். மைக்கில் எங்கள் பெயர் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. குடும்பத்தோடு வந்த பெரியவர்கள் சிலர் நாற்காலியை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் திருப்பவில்லை. மறுநாள் தினசரியில் வந்த செய்தியில், ஆலை அதிபர் பந்தை உதைத்துப் போட்டியைத் தொடங்கி வைத்தார் என்று இருந்தது. வலைக்குள் போனது எது என்று இல்லை.

அந்த ஊதாப் புடவைப் பேனர் அடுத்த மழை வரைக்கும் அங்கேயேதான் தொங்கியது. அதற்கு நான் இன்றைக்கும் யாரையும் மன்னிக்கவில்லை.

ஆனால் ஆடினோம். நெல்லில் பந்து விழுந்தபோது அபிநயா ஊர்க்காரி மாதிரி பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போய் எடுத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் நெல் விளைகிற ஊர்தான்.

நாங்கள் தோற்றோம். இரண்டு கோல். இரண்டையும் அபிநயா போட்டாள். முதலாவது அவளுடைய திறமை, யார் நின்றிருந்தாலும் போயிருக்கும். இரண்டாவது என் தப்பு. அவள் காலைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டேன். அரை விநாடி. பந்து என் விரல்நுனியில் பட்டு உள்ளே போனது.

அம்மா இருந்திருந்தால் அந்த அரை விநாடிக்காக மைதானத்திலிருந்து வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்திருப்பாள். சாப்பிடும்போது திட்டுவாள். பாத்திரம் கழுவிக்கொண்டே திட்டுவாள். படுத்த பிறகும் இருட்டில், “ஏண்டி அங்க பாத்த?” என்று ஒரு தடவை கேட்பாள்.

விசில் ஊதியதும் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அப்பா வந்தார். அபிநயா வந்தாள். புல்லறுக்கும் அக்கா வந்தார். சேகர் அண்ணன்கூடத் தூரத்திலிருந்து தலையாட்டினார். ஒவ்வொருவரும் என் முதுகில் தட்டி, நல்லா ஆடுன ஜெனி, நல்லா ஆடுன என்றார்கள்.

ஒருத்தர்கூட அந்த இரண்டாவது கோலைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.